விசில் ஊதுவதற்கு முன்

5 ஜூன் 2006, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற முதல் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கனவில் வீராணம் ஏரி கரை தளும்ப நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீரின்மேல் என் ஓட்டப் பயிற்சிப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கால் நனையவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டி, "சார், உங்க ஸ்டாப்பு தாண்டிடுச்சு" என்றார். இறங்கித் திரும்பி நடந்தேன். உடற்கல்வி ஆசிரியனுக்கு நடை நல்லதுதான்.

இந்த வருஷம் ஒரு முடிவோடு வந்திருக்கிறேன். போன வருஷம் மண்டலப் போட்டியில் நாங்கள் தோற்றது ஓடத் தெரியாமல் இல்லை. வெறும் வயிற்றோடும் அவிழ்ந்த ஜடையோடும் பாதித் தூக்கத்தோடும் போய் நின்றதால் தோற்றோம். பயிற்சி என்பது விசில் ஊதியபிறகு தொடங்குவதில்லை. அதற்கு முன்பே பாதி முடிந்திருக்க வேண்டும். இதை ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றே சொன்னேன். "நல்லா பேசறீங்க ராஜவேல்" என்றார் தலைமையாசிரியர் சுப்பிரமணியன், டீயை ஆற்றிக்கொண்டே. பாராட்டா, கிண்டலா? தெரியவில்லை.

8 ஜூன்

சட்டங்கள் போட்டாயிற்று. மைதானத்துக்குள் கால் வைப்பதற்கு முன் எதையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். கூழோ, பழையதோ, ஒரு வாழைப்பழமாவது. நகம் வெட்டியிருக்க வேண்டும். ஜடையை மடித்துக் கட்டியிருக்க வேண்டும். வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், என் கண்முன்னால். குடத்தில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் போட்டு நானே கலக்கி வைப்பேன். பிறகு மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று, கைகால் நீட்டல், அப்புறம்தான் விசில். விசில் ஊதிவிட்டால் முடிகிறவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது! கடைசிச் சட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போன வருஷம் அம்மா கூப்பிடுது, நோட்டை வெச்சிட்டேன் என்று பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

"பசங்களுக்கும் இதேதானா சார்?" என்று கேட்டாள் அறிவுமதி. ஒன்பதாம் வகுப்பு. ரிலேயில் கடைசி ஓட்டம் இவளுடையது, வாயும் ஜாஸ்தி. எல்லாருக்கும்தான் என்றேன். "அப்பன்னா சரி" என்றாள், எனக்கு அனுமதி கொடுப்பவள் மாதிரி.

14 ஜூன்

அறிவுமதியின் வகுப்பில் லால்பேட்டையிலிருந்து அல்மாஸ் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, சவூதியில் வேலை பார்க்கிறார். முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. எண்ணூறு மீட்டர் ஓடிக் காட்டச் சொன்னேன். முதல் சுற்றில் எல்லாருக்கும் பின்னால் வந்தாள். சரி, இவ்வளவுதான் என்று நினைத்து, ஏரிக்கரை மேல் பறந்த ஒரு கொக்கைப் பார்த்தேன். திரும்பினால் அவள் எல்லாருக்கும் முன்னால் இருந்தாள். நடுவில் என்ன நடந்தது?

வீட்டுக்கு வந்ததும் மாலதியிடம் சொன்னேன். என் மனைவி பாவம், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் தீசிஸ்களை நாளெல்லாம் டைப் அடித்துவிட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "கொக்க எதுக்கு மாமா பாத்தீங்க?" என்றாள்.

15 ஜூன்

கொக்கைப் பார்த்திருக்கக் கூடாதுதான்.

27 ஜூன்

ஸ்டோர் ரூமை ஒழுங்கு செய்தேன். 2004-இல் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது ஈட்டி, குண்டு, தாண்டும் தடை எல்லாம் ஸ்டாஃப் ரூம் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. மைதானத்து ஓரமாக இரண்டு சின்ன அறைகள், யாரும் எட்டிக்கூடப் பார்க்காமல் கிடந்தன. தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு வாங்கி, தகரக் கதவு அடித்துப் பூட்டும் போட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தனி ஸ்டோர் ரூம் உள்ள பி.டி. மாஸ்டர் நான் ஒருத்தன்தான். மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

அல்மாஸ் நாளுக்கு நாள் அசத்துகிறாள். காலைப் பயிற்சி, அப்புறம் வகுப்பு, அப்புறம் சாயங்காலப் பயிற்சி. பஸ் ஏறுகிறவரை ஒரு நாள்கூட "சார், ஒரு நிமிஷம்" என்று என்னிடம் வந்து நின்றதில்லை. மற்றவர்களை நிற்க வைத்துச் சொன்னேன்: "அல்மாஸப் பாருங்க. இவதான் தயாரா வர்ற பொண்ணு." யாரும் கை தட்டவில்லை. பொறாமையாக இருக்கும்.

6 ஜூலை

எரிச்சல், எரிச்சல். வேப்பமரத்தடி ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால், என் டம்ளர் தண்ணீர் அத்தனையும் அங்கேதான் போகிறது! வாயில் வைத்துக்கொள்கிறார்கள், நடந்து போகிறார்கள், துப்புகிறார்கள். பெண்கள் மட்டும். பையன்கள் இரண்டாவது டம்ளர் கேட்டு அடித்துக்கொள்கிறார்கள். "நான் என்ன வெசத்தையா கலந்து வெச்சிருக்கேன்?" என்று கத்தினேன். அறிவுமதியே வாய் திறக்கவில்லை. அல்மாஸ் மட்டும் குடத்துப் பக்கம் போய் இன்னொரு டம்ளர் மொண்டு, என் எதிரிலேயே குடித்துவிட்டு ஓடப் போனாள். அந்த ஒரு பெண்ணால்தான் இன்றைக்கு என் கோபம் அடங்கியது.

19 ஜூலை

அல்மாஸ் விழுந்துவிட்டாள்.

இரண்டாவது சுற்றில், அந்த வளைவில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், அப்படியே உட்கார்ந்தாள், சாய்ந்துவிட்டாள். தொட்டால் உடம்பு கொதிக்கிறது. வெயிலில் பல் கிட்டிப்போய் நடுங்குகிறாள். ஆட்டோவில் காட்டுமன்னார்கோயில் ஆஸ்பத்திரி. அவர்கள் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா சைதுன் பீவி வேறொரு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். என்னைத் தாண்டி நேராக மகளிடம் போனார்.

ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் சொன்னாராம், "நோன்பு இருந்திருப்பா." ஜூலையில் என்னய்யா நோன்பு? ரம்ஜானுக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. வாய்க்கு வந்ததைப் பேசறானுங்க.

20 ஜூலை

டாக்டரம்மா கூப்பிட்டார்கள். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கிறதாம். "ரொம்ப நாளா அடக்கி அடக்கி வெச்சிருக்கா. தண்ணியே குடிக்கறதில்லையா இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்கள்.

"தெனம் என் கையால குடுக்குறேன் டாக்டர்" என்றேன்.

கட்டில் பக்கத்தில் நின்ற சைதுன் பீவி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். எலுமிச்சை பிழிஞ்சு, உப்பு போட்டு, டம்ளர்ல மொண்டு நீட்டறேன், துப்பறாளுங்க, நான் என்ன பண்ண முடியும், சொல்லு மாலதி, நான் என்ன பண்ண முடியும்? அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"உங்க ஸ்கூல்ல பொண்ணுங்க எங்க போவாங்க மாமா?"

"எங்கன்னா?"

"எங்கன்னா எங்கதான்."

பையன்கள் கரைக்கு அந்தப் பக்கம் போவார்கள். பெண்கள்... இரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன். தெரியவில்லை.

"நான் ஆறாவதுலேந்து பத்தாவது வரைக்கும் காலைல வாய் கொப்புளிக்கிறதோட சரி" என்றாள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணி குடிப்பேன். எங்க வகுப்புல எல்லாருமே அப்படித்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல."

கல்யாணமாகி ஏழு வருஷம். இதை நான் இப்போதுதான் கேட்கிறேன். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

21 ஜூலை

காலையில் முதல் ஆளாகப் போய் அறிவுமதியிடம் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்தும் குளறினேன். அவள் கையை நீட்டி என் ஸ்டோர் ரூமைக் காட்டினாள்.

பூட்டைத் திறந்தேன். உயரம் தாண்டும் மெத்தையை இழுத்துப் போட்டேன். அதற்கடியில் பலகை. பலகைக்கடியில் வெள்ளைப் பீங்கான். நான் போட்ட பலகைதான். 2004-இல் இதைப் பார்த்துத்தான் மூடினேன். "கதவு இல்ல, தண்ணி இல்ல, யாரும் யூஸ் பண்றதில்ல சார்" என்றார்கள். ஏன் யூஸ் பண்ணுவதில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு ஈட்டி வைக்க இடம் கிடைத்த சந்தோஷம்.

பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் குண்டு எறிதல் குண்டை வைத்துப் பூட்டிவிட்டு, தண்ணீர் குடி தண்ணீர் குடி என்று வெளியே நின்று கத்தியிருக்கிறேன். அல்மாஸ் அன்றைக்குக் குடித்த அந்த இரண்டாவது டம்ளர்! எனக்காகக் குடித்தாள். குடித்துவிட்டு நாளெல்லாம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

24 ஜூலை

தலைமையாசிரியரிடம் போனேன். எழுதிப் போட வேண்டும், மேலிருந்து வர வேண்டும், வரும்போது வரும் என்றார். "சரி, அத காலி பண்ணா ஈட்டிய எங்க வெப்பீங்க?"

"என் தலைமேல வெச்சிக்கிறேன் சார்."

முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. கதவை நானே பார்த்துக்கொள்கிறேன், தடுக்காமல் இருந்தால் போதும் என்றேன். தடுக்க மாட்டாராம். பெண்களுக்குக் காலைப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். காரணம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

13 ஆகஸ்ட், ஞாயிறு

லால்பேட்டை போனேன். அல்மாஸ் தேறிவிட்டாள், கன்னம் ஒட்டியிருக்கிறது. கதவோரம் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். சைதுன் பீவி எனக்கு டீ கொடுத்தார். கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இனி ஓட வேணாம் சார். அவ அத்தா போன்ல அழுவுறாரு."

நான் ஸ்டோர் ரூம் கதையைச் சொன்னேன். ஒளிக்காமல், பலகை வரைக்கும் சொன்னேன். அவர் என் டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எம்புள்ளைக்கி ஓடத் தெரியும் சார். நோம்பு வெச்சிக்கிட்டுகூட ஓடுவா, நான் வேணாம்னு சொன்னதில்ல. ஒதுங்கத்தான் எடமில்ல." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "மொதல்ல கதவு வெய்ங்க. நான் வந்து பாக்குறேன். அப்பறம் பேசுவோம்."

திரும்பும்போது ஏரிக்கரையில் இறங்கி நடந்தேன். தண்ணீர் வரத் தொடங்கியிருக்கிறது. மேற்கே வெயில் சாய்ந்து, தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, கரை மட்டும் நடுவில் கோடாக நீண்டு போனது. அந்தக் கோட்டில் ஒருத்தி ஓடி வருகிற மாதிரி தோன்றிக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. சைக்கிளில் ஒரு பால்காரர் வந்தார்.

25 ஆகஸ்ட்

மண்டலப் போட்டி. ரிலேயில் நான்காவது. எண்ணூறு மீட்டருக்கு எங்களிடம் ஆள் இல்லை.

3 நவம்பர்

மழை விட்டபாடில்லை. அறிவுமதியின் அப்பா தங்கராசு கொத்தனார், கழிப்பறை வேலை அவரிடம். "நாலு நாள்ல முடிச்சிடலாம் சார்" என்று செப்டம்பரில் சொன்னார். மழை, அப்புறம் தீபாவளி, அப்புறம் மறுபடி மழை. நான் தினம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அவர் பெண் சொல்கிறாள், "சார், நீங்க வந்து நின்னா எங்கப்பா பின்பக்கமா ஓடிடறாரு. அவர ரிலேல சேத்துக்குங்க."

22 நவம்பர்

தங்கராசு வந்துவிட்டார்! சுவர் பூசியாயிற்று. மரக் கதவு இரண்டு. உள்ளே தாழ்ப்பாள். அடிபம்பிலிருந்து பையன்கள் பீப்பாயில் தண்ணீர் நிரப்புகிறார்கள். எதற்கு என்று ஒருத்தன் கேட்டான். "ஒடம்புக்கு நல்லது, பம்ப அடி" என்றேன்.

ஈட்டியும் குண்டும் இப்போது தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கின்றன. அவர் என்னோடு பேசுவதில்லை.

4 டிசம்பர்

சைதுன் பீவி வந்தார். கறுப்புக் குடையோடு மைதானத்தைக் குறுக்கே கடந்து, என்னைக் கவனிக்காதவர் மாதிரி நேரே கழிப்பறைக்குப் போனார். ஒரு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கதவைப் பிடித்து உலுக்குகிற சத்தம். அப்புறம் அடுத்த அறை, அங்கேயும் அதே மாதிரி. நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி விசில் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தார். "தாப்பா ஒழுங்கா விழுது" என்றார். "பொங்கலு கழிச்சி அனுப்புறேன். இன்ஷா அல்லாஹ்."

அவர் போனபிறகு அந்தக் கதவை நானும் ஒரு முறை திறந்து மூடிப் பார்த்தேன்.

6 டிசம்பர்

காலைப் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தேன். ஒருத்தியும் கழிப்பறைக்குப் போகவில்லை! டம்ளர் தண்ணீர் மறுபடி வேப்பமரத்துக்கு. என்னதான் வேணும் இதுங்களுக்கு?

மாலதியிடம் புலம்பினேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "நீங்க எங்க நிப்பீங்க?"

"கதவுக்கு எதிர்லதான். வரிசையா போவணும்ல? ஒழுங்கு வேணும்ல?"

"அய்ய!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "விசில வேற கையில வெச்சிக்கிட்டா? பசங்க அத்தன பேரும் பாக்க? போங்க மாமா, ஏதாவது நல்லா வாயில வந்துடப் போவுது."

11 டிசம்பர்

பையன்களை மைதானத்தின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். நானும் அவர்களோடு போய், ஏரிக்குத் திரும்பி நின்றுகொண்டேன். பெண்கள் வந்ததும் பயிற்சி இல்லை. வார்ம்-அப் இல்லை. அரை மணி அவர்களுடையது. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று அறிவுமதியிடம் மட்டும் சொன்னேன்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஏரிமேல் பனி. கரையில் யாரோ இருமினார்கள். தண்ணீர்க்கோழி ஒன்று கத்தியது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்றே புரியாமல் நின்றேன். அப்புறம் தூரத்தில் பீப்பாயில் சொம்பு இடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு தாழ்ப்பாள். இன்னொரு தாழ்ப்பாள். யாரோ சிரித்தார்கள். இரண்டு வருஷமாக மைதானத்தில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. ஒரு பையன் பார்த்துவிட்டு, "சார், பனி ஒத்துக்கலையா?" என்றான். ஆமாம் என்றேன்.

19 ஜனவரி 2007

அல்மாஸ் வந்துவிட்டாள். மூடுபனியில் மைதானமே தெரியவில்லை. அவள் எங்கே வருகிறாள் என்று காலடியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மெதுவாக ஓடினாள். ரொம்ப மெதுவாக. பழைய வேகம் வருமா? வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத ஆசை. பொய் எழுதக் கூடாது. வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

22 பிப்ரவரி

விசில் ஊதிவிட்டால் வெளியே போகக் கூடாது என்ற அந்தக் கடைசிச் சட்டத்தை ரத்து செய்துவிட்டேன். யாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நடுவிலும் போகலாம், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரைக் காணோம் என்று நான் தேடக் கூடாதல்லவா?

அந்த ஒரு வார்த்தை மட்டும் வருவதில்லை. "சார், ஷூ லேஸ் கட்டிட்டு வரேன்" என்கிறார்கள். ஒருத்தி சொல்கிறாள், அடுத்து இன்னொருத்தி. ஒரு காலைக்கு ஏழெட்டு லேஸ் அவிழ்கிறது. இன்றைக்கு அறிவுமதி வந்து சொன்னாள், "லேஸ் சார்." அவள் வெறுங்காலில் ஓடுகிறவள்.

"நல்லா இறுக்கிக் கட்டிட்டு வா" என்றேன்.

18 ஜூன்

புதிய வருஷம். அறிவுமதியும் அல்மாஸும் பத்தாவது வந்துவிட்டார்கள். அல்மாஸ் தண்ணீர் குடிக்கிறாள். பாட்டிலை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, கடகடவென்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, விசில் ஊத மறந்துவிட்டேன்.

2 ஜூலை

இரண்டாவது சுற்று! அதே வளைவில்! நான் இந்தத் தடவை கொக்கு, குருவி எதையும் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஆனாலும் அல்மாஸ் எப்படி முந்தினாள் என்று புரியவில்லை.

10 ஆகஸ்ட்

மண்டலப் போட்டி. எண்ணூறில் அல்மாஸ் முதலிடம். அடுத்தது கடலூரில் மாவட்டப் போட்டி. அதில் முதல் இரண்டு இடம் வந்தால் மாநிலம். சைதுன் பீவிக்குப் போன் செய்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கொஞ்சம் விட்டு, "கடலூர்ல எப்படி சார்?" என்றார். எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. போய்ப் பார்த்து வைக்கிறேன் என்றேன்.

6 செப்டம்பர் 2007, வியாழன்

கடலூரிலிருந்து இப்போதுதான் வந்தோம். மாலதியிடம் சொல்லி முடித்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் மைதானத்தில் இறங்கியதுமே விசாரித்தேன். கழிப்பறை திறந்திருந்தது, தண்ணீரும் வந்தது. அறிவுமதி போய்ப் பார்த்துவிட்டு, "தாப்பா விழுது சார்" என்றாள். ஆனால் அதற்குப் போகிற வழி விருந்தினர் பந்தலுக்கும் மைக்குக்கும் நேர் முன்னால். வரிசையாக நாற்காலி, அத்தனையிலும் ஆண்கள். மாவட்டம் முழுக்க இருந்து வந்த பெண்கள் மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறக்காமல். போன வருஷம் இங்கே வந்திருந்தால் எவ்வளவு ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்திருப்பேன்.

அல்மாஸ் மட்டும் குடித்தாள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், பேசினார், மறுபடி பேசினார். கடல் காற்று வருவதும் நிற்பதுமாக இருந்தது. வெயிலில் சுண்ணாம்புக் கோடுகள் மிதக்கிற மாதிரி இருந்தன. எனக்கு அந்தப் பழைய பஸ் தூக்கம் வந்துவிட்டது. அப்போதுதான் மைக்கில் எண்ணூறு மீட்டரைக் கூப்பிட்டார்கள்.

எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றார்கள். ஸ்டார்ட்டர் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். "ஆன் யுவர் மார்க்" என்று கையைத் தூக்கினார்.

அல்மாஸும் கையைத் தூக்கினாள்.

"சார், பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்."

நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. பந்தலுக்கும் கேட்டிருக்கும். ஸ்டார்ட்டர் தூக்கிய கையை இறக்காமல், "என்னம்மா இது? அதெல்லாம் முன்னாடியே போயிருக்கணும்" என்றார்.

"இப்பதான் சார் வருது."

பந்தலில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து அந்த ஓட்டம் வந்ததோ, கோட்டுக்கே போய்விட்டேன். "என் பொண்ணுதான் சார். போவட்டும்."

"ரூல்ஸ் என்னன்னு தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"நானும் அத்தன ரூல்ஸும் போட்டுப் பாத்துட்டேன் சார். புண்ணியமாப் போவும், கொஞ்சம் நில்லுங்க."

அவள் அதற்குள் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். அவள் பந்தலைத் தாண்டியபோது, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண், எந்தப் பள்ளியோ, ஸ்டார்ட்டரைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், அவளும் கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்து. அப்புறம் ஒருத்தி. அப்புறம் மிச்சமிருந்தவர்கள். ஸ்டார்ட்டர் மட்டும் தனியாக நின்றார். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். மர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பார்த்தார்கள்.

எட்டுப் பேரும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒருத்தி பெயரை ஒருத்தி கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஸ்டார்ட்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

அல்மாஸ் மூன்றாவதாக வந்தாள். மாநிலத்துக்குப் போக முடியாது. பஸ்ஸில் புவனகிரி வரைக்கும் அழுதாள், அப்புறம் அறிவுமதியோடு வேர்க்கடலை சாப்பிட்டாள்.

வீட்டில் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். மாலதி குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். மூன்றாவது என்றபோதும் கரண்டி நிற்கவில்லை.

"எல்லாருமா போனாங்க?"

"எட்டு பேரும்."

கரண்டியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள், கையைத் தூக்கியதிலிருந்து. சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"பந்தலத் தாண்டுறப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டாளா மாமா?"

"இல்ல."

"நெசமாவே?"

"நேரா பாத்துக்கிட்டுப் போனா, மாலதி."

அவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டோம்.